ஓனரே நின்னு கட்டின வீடு: ஓசூர் வீட்டுக் காகிதங்களின் வரலாறு

ஓசூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமாக இருக்கும்: "பில்டர் வீடு இல்லீங்க, ஓனரே நின்னு கட்டினது." பாகலூர் ரோட்டிலும் சரி, தளி ரோட்டிலும் சரி, புரோக்கர் இதைச் சொல்லும்போது குரலே கொஞ்சம் மாறும். தனக்காகக் கட்டியவர் சிமெண்டில் கை வைத்திருக்க மாட்டார், கம்பியில் மிச்சம் பிடித்திருக்க மாட்டார் என்பது அதன் அர்த்தம். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

ஆனால் அந்த உத்தரவாதம் கட்டியவர் மனசில் இருப்பது. வீடு கை மாறும்போது அது எந்தக் காகிதத்தில் ஏறி நம்மிடம் வருகிறது?

என் அக்காவும் மாமாவும் போன வருஷம் இங்கே வீடு பார்த்தார்கள். "கம்ப்யூட்டர்ல உக்காந்து படிக்கறவன்தானே, இதையும் படிச்சுச் சொல்லு"ன்னு ஒரு ஃபைலை மாமா கையில் கொடுத்தார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, பிளான் நகல். இது ஒவ்வொன்றும் எப்போது, யாருக்காக உருவானது என்று பின்னோக்கிப் போக ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஃபைலில் இருக்கும் ஒரு காகிதம்கூட வீடு வாங்குகிறவருக்காக உருவாக்கப்பட்டது இல்லை.

பட்டா: வரி வசூலிக்க வந்தது

கதை நம்ம மாவட்டத்திலேயே ஆரம்பிக்கிறது. மூன்றாம் மைசூர் போர் முடிந்து 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை கையெழுத்தானபோது, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதியைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூர் மேட்டுப்பகுதி அப்போதும் மைசூரிடமே இருந்தது. 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் அது கம்பெனி கைக்கு வந்தது.

பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு மதராஸ் கவர்னர் ஆனவர், சென்னை தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான். இவர்கள் வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் நேராக விவசாயியிடம் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கே செய்த வேலைதான் அடித்தளம்.

அந்த முறையில் அரசுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்டுவார்? அதற்கான பதிலை எழுதி வைத்த தாள்தான் பட்டா. அதனால்தான் இன்றைக்கும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று. நாம் என்னவோ "பட்டா கிளியர் சார்" என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம்.

ஓசூர் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. சூளகிரி, பாகலூர், பேரிகை என்று பாளையங்கள் இருந்த பகுதி இது. இனாம் நிலங்களும் இருந்தன. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் 1963-ம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டங்களும் இப்படிப்பட்ட நிலங்களை ரயத்துவாரிக்குள் கொண்டுவந்தன. பிறகு 1979-ல் தமிழ்நாடு முழுக்க யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பழைய பதிவேடுகளைப் புதுசாக எழுதியபோது பெயர் மாறியது, உட்பிரிவு விட்டுப்போனது, அளவு பிசகியது என்று நேர்ந்த தவறுகளுக்கு இன்றும் தாசில்தார் அலுவலகங்களில் மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. "யு.டி.ஆர். தப்பு" என்பது நம்ம ஊரில் ஒரு தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பத்திரம்: நடந்ததைப் பதிவு செய்ய வந்தது

அடுத்தது பத்திரம். 1882-ன் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ன் பதிவுச் சட்டமும்தான் இதற்கு இரண்டு கால்கள். சார்பதிவாளர் என்ன செய்கிறார்? இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்ததாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பதிகிறார், முத்திரைத்தீர்வை சரியா என்று பார்க்கிறார். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை.

தமிழ்நாடு அரசு இதில் ஒரு கதவைப் போட்டுப் பார்த்தது. 2022-ல் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்து, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளருக்கு இல்லை என்பதுதான் காரணம். அதாவது பத்திரம் ஒரு லாக் ஃபைல் மாதிரி. என்ன நடந்தது என்று அதில் இருக்கும், நடந்தது சரியா என்று இருக்காது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதுவே உரிமை, அதற்கு அரசே பொறுப்பு. நம்மிடம் அது இல்லை. நமக்குப் பத்திரங்களின் சங்கிலிதான். அதில் எந்த வளையம் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது வாங்குபவர் தலையில்.

வில்லங்கச் சான்றும் பதிவான விஷயங்களை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில், கேட்கப்படாத பங்கு இதெல்லாம் அதில் வராது. ஓனரே கட்டிய வீடுகளில் இது முக்கியம், ஏனென்றால் நிறைய வீடுகள் அப்பா வழி வந்த நிலத்தில் கட்டியவை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு. 2005-ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. "அக்கா தங்கச்சிங்க எல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார், நாங்க ஒத்துமையா இருக்கோம்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அந்த ஒற்றுமை கையெழுத்தாகப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

சைட்டுகள் வந்த கதை

1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து ஓட ஆரம்பித்தது. அசோக் லேலண்டும் வந்தது, அந்தப் பத்தாண்டுக்குள் டைட்டனும் வந்தது. ராகி விளைந்த மேட்டுக் காடுகளில் முப்பதுக்கு நாற்பது கல் நட்டார்கள். சென்னையில் கிரவுண்டு என்பார்கள், நமக்கு பெங்களூர் பழக்கம், எல்லாமே "சைட்". ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்கள் சீட்டுப் பிடித்து, பி.எஃப். லோன் போட்டு சைட் வாங்கினார்கள். பத்து வருஷம் கழித்து அதில் வீடு கட்டினார்கள். இன்று விற்பனைக்கு வருகிற ஓனர் வீடுகளில் பெரும்பங்கு இந்தத் தலைமுறை கட்டியதுதான். பிள்ளைகள் பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள், அப்பா அம்மாவுக்கு மாடி ஏற முடியவில்லை.

அந்த லேஅவுட்டுகளில் பல, ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு மட்டும் விற்கப்பட்டவை. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம் இருந்தது, டி.டி.சி.பி. அனுமதி வேண்டும் என்று இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை, பத்திரம் பதிவாகிக்கொண்டே இருந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, ஓசூர் மாதிரி ஊர்களில் ரியல் எஸ்டேட் ஸ்தம்பித்துப்போனது. அதே அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடியும் விற்றால் பதிவு செய்யலாம் என்று விலக்கு இருக்கிறது. நியாயமான விலக்குதான், இல்லையென்றால் லட்சக்கணக்கான பேர் மாட்டியிருப்பார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். வரன்முறைப்படுத்தாத சைட்டில் கட்டிய பழைய வீடு இன்றும் தடங்கல் இல்லாமல் பதிவாகும். "பதிவு ஆயிடுச்சு, அப்ப அப்ரூவ்டுதானே" என்று நினைத்தால், பிறகு பேங்க் லோனுக்கோ மாடி கட்டவோ போகும்போதுதான் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. பெங்களூரில் அனுமதிக் குறை உள்ள சொத்துகளை வரி வசூலுக்காகத் தனிப் பதிவேட்டில் எழுதினார்கள். அதுதான் 'பி கத்தா'. வரி கட்டுவதற்காக வந்த அந்தத் தாளைக் காட்டியே வீடுகள் விற்றன. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் "பி கத்தா தொல்லை இல்லை" என்று சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வரி ரசீதை உரிமை என்று நினைக்கும் பழக்கத்துக்கு மாநில எல்லை கிடையாது.

கட்டடத்துக்கு என்ன காகிதம்?

இதுவரை சொன்னதெல்லாம் நிலம். நாம் காசு கொடுப்பது நிலத்துக்கும் அதன் மேல் நிற்கும் கட்டடத்துக்கும். அந்தக் கட்டடத்தைப் பற்றி ஃபைலில் என்ன இருக்கிறது என்று தேடினால் அதிர்ச்சிதான்.

ரெரா சட்டம் 2016-ல் வந்தது. அதில் பில்டர் விற்ற வீட்டில் 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவில் சரி செய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்குள் இருக்கும் நிலமோ 8 வீடுகளுக்குள் இருக்கும் திட்டமோ பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,380 சதுர அடி. நம் முப்பதுக்கு நாற்பது 1,200 சதுர அடி. தனக்காகக் கட்டிக் குடியிருந்து, பத்து வருஷம் கழித்து விற்கும் ஓனர் அந்தச் சட்டம் சொல்லும் புரமோட்டரும் இல்லை. ஆக ஓனர் வீடு முழுசாக வெளியே.

நிறைவுச் சான்றிதழ்? 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலேயே சிறிய தனி வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது, கள ஆய்வும் இல்லை. வீடு கட்டுகிறவருக்கு அலைச்சல் மிச்சம், லஞ்சத்துக்கும் இடம் குறைவு. அதை வரவேற்கிறேன். ஆனால் பின்னாளில் வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால், அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை அரசுத் தரப்பில் ஒருவரும் பார்க்காத வீடு அது.

"பதிவுத்துறையில இருந்து வந்து வீட்டை அளந்தாங்களே?" என்று மாமா கேட்டார். வருவார்கள். கட்டடத்தின் மதிப்பைப் போட்டு முத்திரைத்தீர்வை குறைவாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். பீமில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இல்லை. அந்தத் தீர்வைக்குப் பயந்தே சிலர் வீட்டைக் காட்டாமல் காலி மனை என்று பதிவு செய்யச் சொல்வார்கள். செய்தால் நீங்கள் காசு கொடுத்த வீடு உங்கள் பத்திரத்திலேயே இருக்காது.

பேங்க் பார்க்குமே என்பார்கள் அடுத்து. பேங்கின் வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்ப்பது, நீங்கள் தவணை கட்டாமல் போனால் ஏலம் விட்டுக் கடனை எடுக்க முடியுமா என்று. 60 லட்சம் சொத்துக்கு 40 லட்சம் கடன் என்றால் அவர்கள் கவலை அந்த 40-தான். மீதி 20 உங்கள் சேமிப்பு, அதற்கு நீங்கள்தான் காவல்.

சட்டத்தில் நமக்கென்று இருப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரண கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். 1882-ல் எழுதிய அந்த வரியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, ஓனருக்கே குறை தெரியாமல் இருக்கலாம். அவர் நின்று பார்த்தார், ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததா? இரண்டு, "நீங்க கவனமா பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்று கோர்ட்டில் கேட்பார்கள்.

கெனில்வொர்த்தும் மேஸ்திரியும்

ஓசூரின் மிகப் பிரபலமான 'ஓனர் வீடு' எது தெரியுமா? 19-ம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் துரை, இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் பெயரில், அதன் சாயலில் இங்கே ஒரு மாளிகை கட்டினார். தனி மனிதரின் ஆசைக்காக எழுந்த அது இன்று இடிபாடாகத்தான் கிடக்கிறது. சொந்த ரசனைக்குக் கட்டிய வீடு அடுத்தவருக்குப் பொருந்தாமல் போவது நம்ம ஊரில் பழைய கதை.

கலெக்டர் கதையை விடுங்கள், நம் சைட் வீடுகளிலும் பிளான் பெரும்பாலும் ஓனர் தலையிலும் மேஸ்திரி தலையிலும்தான் இருக்கிறது. அனுமதிக்காக வரைந்த பிளான் ஒன்று, கட்டியது வேறு. ஆவணம் எழுதாமல் ஒருத்தர் எழுதிய புரோகிராமை அவர் வேலையை விட்டுப் போன பிறகு கையில் எடுத்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

ஆனால் வீட்டின் வயது நிறையச் சொல்லும். சிமெண்ட் விலையும் வினியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்து, 1982-ல் பாதி தளர்ந்து, 1989-ல்தான் முழுசாக நீங்கியது. 1980-களின் வீடு என்றால் சிமெண்ட் தட்டுப்பாட்டுக் காலத்து வீடாக இருக்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456. அதன் 1978 பதிப்பில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 15 போதும், மேஸ்திரிகள் சொல்லும் 1:2:4 கலவை. 2000 பதிப்பு அதை எம் 20 ஆக உயர்த்தியது, அதாவது 1:1½:3. விதி மாறிய அன்றே மேஸ்திரியின் கை மாறிவிடாது. 2005-ல் கட்டிய வீட்டிலும் பழைய கலவை இருக்க வாய்ப்புண்டு.

மொட்டைமாடிக்குப் போனால் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். "மேல இன்னொரு மாடி போடலாம் சார், கம்பி விட்டு வெச்சிருக்கேன்" என்பார் ஓனர். பதினைந்து வருஷ மழை நனைந்த கம்பி அது. அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்று கேளுங்கள், ஒரு தாளில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் சில வீடுகள் ஏரி உள்வாயிலோ ஓடை ஓரத்திலோ மண் நிரப்பிக் கட்டியவை. ஓசூர் ஏரிகள் நிறைந்த ஊர். 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்துவிட்டது, நிரப்பிய மண்ணும் தானாக இறங்கும். இரண்டு பக்கமும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஓனரே கட்டிய வீட்டை ஆறரை வருஷத்துக்குள் விற்றால், கட்டட ஆய்வு அறிக்கையை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். ஓனர் வீட்டின் இரண்டாவது ஓனரை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இங்கே அப்படி ஒன்று வரும் வரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. பத்திரச் சங்கிலியைக் குறைந்தது 30 வருஷம், முடிந்தால் யு.டி.ஆருக்கு முன்பு வரை, பேங்க் வக்கீல் இல்லாமல் சொந்தமாக ஒரு வக்கீலிடம் காட்டுவது. 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று பார்ப்பது. புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு இடத்தை அளப்பது, பக்கத்தில் ஓடையோ வண்டிப்பாதையோ வரைந்திருக்கிறதா என்று பார்ப்பது. மனைக்கு வரன்முறை ஆணை, வீட்டுக்கு அனுமதிப் பிளான், இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது. அந்தப் பிளானோடு வீட்டை டேப் வைத்து ஒப்பிடுவது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய் ரீபவுண்ட் ஹேமர் சோதனை செய்வது. அதற்கு ஆகும் செலவு புரோக்கர் கமிஷனில் சிறு பங்குதான். முடிந்தால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் பார்ப்பது. கட்டிய மேஸ்திரியின் நம்பரைக் கேட்பது. விற்பவருக்குத் தெரிந்த குறைகளை எழுத்தில் வாங்குவது. 55-வது பிரிவுக்கு அதுதான் உயிர்.

மாமா அந்த வீட்டு ஓனரிடம் இதில் பாதியைக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். பூமி பூஜை, குழி, அடியில் கட்டிய கம்பிக்கூடு, தூண், ஒவ்வொரு ரூஃப் போட்ட நாள், எல்லாம் தேதியோடு போட்டோ. சிமெண்ட் பில்லைக்கூட ஒட்டி வைத்திருந்தார். கூட வந்த இன்ஜினியர் அந்த ஆல்பத்தை அரை மணி நேரம் பார்த்தார். வில்லங்கச் சான்றைவிட அதில் வீட்டைப் பற்றி அதிகம் இருந்தது.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் கம்பியைப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு டேப்பையும் வையுங்கள். தண்ணீர் லைனும் கரண்ட் லைனும் சுவருக்குள் எங்கே போகிறது என்பதையும் எடுத்து வையுங்கள். நீங்கள் விற்கப் போவதில்லை என்றே நினைத்துக் கட்டுகிறீர்கள். ஓசூரில் 1990-ல் கட்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.